தோட்டா இல்லை

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
மஞ்சக்குப்பம் ஆயுதக் கிடங்கில் கூட்டம் தொடங்கிவிடும்.
உரிமம் உள்ளதெல்லாம் ஓட்டு எண்ணி முடியும்வரை
எங்களிடம் தூங்கவேண்டும்.
நகைக்கடைக் காவலாளியின் இரட்டைக்குழல்,
எழுந்து நிற்கவே கைத்தாங்கல் கேட்கும்
வக்கீல் ஒருவரின் ரிவால்வர்.
எண்ணைப் படி, எழுது, சீட்டைக் கட்டு, அடுத்தது.

ராமாபுரம் வேதபுரி கொண்டுவந்தது
பூப்போட்ட போர்வையில் சுற்றியிருந்தது.
ஷேர் ஆட்டோவில் மடியில் கிடத்தி வந்தாராம்,
"என்ன குழந்தை" என்று பக்கத்து சீட்டில் கேட்டார்களாம்.
சிரிக்காமல் சொன்னார்.
பிறகு கேட்டார்:
"மழைக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துடுவீங்களா மேடம்?"
ஏப்ரல் வெயில்.
மின்விசிறி மேசைக் காகிதங்களைத்தான் கலைத்துக்கொண்டிருந்தது.

போர்வையைப் பிரித்தேன்.
இதன் சுத்தியல் பின்னாலிருந்து அடிக்காது,
மேலிருந்து இறங்கும்.
தோட்டாவின் முதுகில் ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்,
அதன் தலையில் குத்தும்.
குழல் விளிம்பில் அந்த ஆணிக்கென்று ஒரு பள்ளம்,
உளுந்து அளவு.
இருபத்திரண்டு வருட வேலையில்
புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"பாண்டிச்சேரி பிரெஞ்சு துரை
எங்க பாட்டனுக்குப் பாட்டனுக்குக் குடுத்தது.
புலி சுட்டதுங்க."
தலையாட்டிக்கொண்டே லென்சை எடுத்தேன்.

குழல் மேல் பாரிஸ் கடைப் பெயர்,
நடுவில் ஒரு எழுத்தைக் காணோம்.
அலையலையாய் ஓடும் எஃகு வரிகள்
முறுக்கி அடித்ததால் வந்தவை அல்ல,
அமிலத்தில் வரைந்தவை.
அடிக்கட்டையைக் கழற்றினால்
நீள்வட்டத்துக்குள் மூன்று எழுத்து, கீழே ஒரு நட்சத்திரம்.
பெல்ஜியம், லியேஜ் நகரத்துச் சோதனைச்சாலை முத்திரை.
பெரிய கடைப் பெயரைத் திருடி
சின்னக் கொல்லன் செய்த சரக்கு.
எந்தத் துரையும் இதைப் பரிசென்று நீட்டியிருக்கமாட்டான்,
பாண்டிச்சேரிக் கடைத்தெருவில்
பேரம் பேசித்தான் வாங்கியிருப்பார்கள்.

ஆணிப் பள்ளத்தின் ஓரம் இன்னும் கூர்மை.
அறைக்குள் அரிப்பு இல்லை, கரி இல்லை.
முத்திரை குத்துமுன் லியேஜில் சுட்டுப் பார்த்ததோடு சரி.
அதன் பிறகு இது வாய் திறக்கவேயில்லை.
புலி பிழைத்துப் போயிருக்கிறது,
புலி என்று ஒன்று இருந்திருந்தால்.

ஆனால் கட்டையில் தேய்மானம்.
வருடாவருடம் ஆயுதபூஜைச் சந்தனம் காய்ந்து
ஏடு ஏடாய் நிற்கிற இடம் போக,
குதிகாலில் மட்டும் மரம் நசுங்கி வெளுத்திருந்தது.
விசைக்காப்பு வளைந்திருந்தது.
குழல் முனையைக் குச்சியால் சுரண்டினேன்,
வெள்ளையாய் உதிர்ந்தது.
மூக்கருகே வைத்தேன். சுண்ணாம்பு.
சுவரில் முட்டுக்கொடுத்த சுண்ணாம்பு.

"தானே புயலப்பவா?" என்றேன்.

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.
"தாப்பா பிச்சிக்கிச்சு மேடம்.
கட்டைய கதவுக்குக் குடுத்து
முனைய எதிர் செவுத்துல நெட்டி
விடியவிடிய மேல உக்காந்திருந்தோம்,
நானும் என் பொண்டாட்டியும், ரெண்டு புள்ளைங்களும்.
காலைல கதவு இருந்துச்சு.
தோப்புதான் இல்ல.
நானூத்திப் பதினேழு முந்திரி."

உரிமத்தில் நோக்கம் என்ற இடத்தில்
பயிர்ப் பாதுகாப்பு என்று இருந்தது.
அதை அப்படியே என் பதிவேட்டில் எழுதினேன்.
தயாரிப்பு: லியேஜ். குழல்: பதினாறு. எண்: இல்லை.
தோட்டா: இல்லை.
எழுத்துக் குறைந்த பெயரைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.
புலியைப் பற்றியும்.

சீட்டைக் கட்டி
இரண்டு ரைபிள்களுக்கு நடுவே சாய்த்தேன்.
போர்வையை மடித்துக் கொடுத்தால் வாங்கவில்லை,
"அதுகூடவே இருக்கட்டும்" என்றார்.
பதிவேட்டில் போர்வைக்குக் கட்டம் கிடையாது.
குறிப்பு என்ற மூலையில் பொடி எழுத்தில் எழுதினேன்:
போர்வை ஒன்று.
ஐப்பசிக்கு முன் தேவை.